"நான் டீம் ப்ளேயர்" என்று சொன்ன தோழியிடம் அடுத்து என்ன கேட்பது?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கூடப் படிக்கும் ஒருவரைப் பேட்டி எடுத்து, அவர் குழுவில் எப்படி வேலை செய்கிறார், என்னென்ன பழக்கங்கள் என்று நான்கு பக்கம் எழுத வேண்டும் என்று ஒரு அசைன்மென்ட். எனக்கு ஜோடியாக வந்தது என் தோழி. பத்துக் கேள்வி தயார் செய்துகொண்டு போனேன், பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "நான் டீம் ப்ளேயர்", "எல்லாரோடயும் ஒத்துப்போவேன்", "சொன்ன நேரத்துக்கு முடிச்சிடுவேன்" என்றுதான் பதில். இதை வைத்து அரைப் பக்கம்கூட வரவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. போன செமஸ்டரில் நாங்கள் ஒரே குழுவில் இருந்தோம், கடைசி மூன்று நாள் அவள் போனையே எடுக்கவில்லை, அவள் பகுதியையும் நான்தான் உட்கார்ந்து முடித்தேன். அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அவளே "சொன்ன நேரத்துக்கு முடிச்சிடுவேன்" என்று சொன்னபோது எதை எழுதுவதென்றே தெரியவில்லை. மறுபடி பேட்டி எடுக்கலாமா? அந்த விஷயத்தைக் கேட்கலாமா?

பதில்: அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக வருத்தப்படாதீர்கள். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நான் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஆரம்பத்தில் நான் எடுத்த பேட்டிகளும் இப்படித்தான் முடியும், என்ன, எதிரே இருந்தவர்கள் வேலை கேட்டு வந்தவர்கள் என்பதால் அதே ஒன்றுமில்லாத பதிலைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள். ஒருவரிடம் "குழுவில் நீங்கள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் தங்குதடையில்லாமல் பேசினார். அவர் போன பிறகு என் நோட்டைப் பார்த்தால் "பொறுமை, பொறுப்பு" என்று இரண்டே சொல் இருந்தது. அவரைப் பார்ப்பதற்கு முந்தின நாளே அந்த இரண்டையும் எழுதி வைத்திருக்கலாம்.

உங்கள் தோழி மழுப்பினாள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் பத்துக் கேள்விகளை நீங்கள் அனுப்பவில்லை, ஆனால் பதிலைப் பார்த்தாலே கேள்வி தெரிகிறது. குழுவாக வேலை செய்யப் பிடிக்குமா, நேரத்தை எப்படிக் கையாள்வாய், கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வாய், இப்படித்தானே? வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால் இவை எல்லாமே "நீ நல்லவளா?" என்ற ஒரே கேள்விதான். யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள், அதிலும் எதிரே இருப்பவர் அதை எழுதி ஆசிரியர் கையில் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்தால் இன்னும் வேகமாகச் சொல்வார்கள்.

மறுபடி பேட்டி எடுங்கள், தாராளமாக. ஆனால் இந்தத் தடவை அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்பதை அடியோடு விட்டுவிட்டு, நடந்து முடிந்த ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு ப்ராஜெக்ட், அதில் குறிப்பிட்ட ஒரு நாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவுக்காக வேலை செய்த ஜான் ஃப்ளானகன் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறை இது. போர்முனையில் இருந்தவர்களிடம், அதிகாரி ஒருவர் நன்றாகவோ மோசமாகவோ நடந்துகொண்டதை நீங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அப்போது அவர் சரியாக என்ன செய்தார் என்று கேட்டு ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். 1954-இல் அவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். இன்று நேர்முகத் தேர்வில் "நீங்கள் இப்படிச் செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று வரும் கேள்விகளுக்கு அவரைத்தான் பாட்டன் என்று சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் தோழியிடம் எப்படிக் கேட்பது? "கடைசியா நீ குழுவா செஞ்ச வேலை எது?" என்று சாதாரணமாக ஆரம்பியுங்கள். பதில் வந்ததும் "அதுல வேலையைப் பிரிச்சது யாரு?" என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், யாரும் தயாராகி வந்திருக்க மாட்டார்கள். பத்தில் ஏழு பேர் "தானா பிரிஞ்சுது" என்பார்கள். வேலை தானாகப் பிரியாது. யாரோ ஒருவர் "நான் முன்னுரையை எழுதறேன்" என்று முந்திக்கொண்டிருப்பார், யாரோ ஒருவர் கடைசி வரை வாயே திறக்காமல் மிச்சத்தை வாங்கிக்கொண்டிருப்பார். "உன் பகுதியை நீயா கேட்டு வாங்கினியா, இல்ல மிஞ்சினது உனக்கு வந்துச்சா?" என்று அடுத்ததைப் போடுங்கள். இந்த இரண்டு பதிலிலேயே உங்களுக்கு ஒரு பக்கம் வந்துவிடும், நம்பவில்லை என்றால் போகும் முன் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், குரூப்பில் யாரோ ஒரு கேள்வி போட்டு, எல்லாரும் பார்த்துவிட்டு, ஒருவரும் பதில் போடாத மெசேஜ் ஒன்று ஒவ்வொரு குழுவிலும் இருக்கும். அந்த மாதிரி ஒன்றை அவளை ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அவள் என்ன செய்தாள்? தானே முடிவெடுத்து வேலையை முடித்தாளா, ஒவ்வொருவரையும் தனித்தனியாக போனில் பிடித்தாளா, யாராவது வரட்டும் என்று இருந்தாளா? நான் இதைத் தப்பு சரி என்று பார்க்கச் சொல்லவில்லை. மூன்றாவது ரகத்தில் நானே பல வருடம் இருந்திருக்கிறேன்.

இன்னொன்று, இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள்: அரைகுறையாக இருக்கும் வேலையை அவள் அடுத்தவருக்குக் காட்டுவாளா? சிலர் இரண்டு பத்தி எழுதியதுமே "இப்படிப் போகலாமா, பாருங்க" என்று அனுப்பிவிடுவார்கள், எழுத்துப்பிழையோடு, பாதி ஸ்லைடு காலியாக. சிலர் கடைசி முற்றுப்புள்ளி வரை யார் கண்ணிலும் காட்ட மாட்டார்கள். நான் பார்த்தவரை குழுக்களில் நடக்கும் சண்டைகளில் பெரும்பங்கு சோம்பேறித்தனத்தால் வருவதில்லை, இந்த இரண்டு ரகமும் ஒரே குழுவில் மாட்டிக்கொள்வதால்தான் வருகிறது. முதல் ரகத்துக்கு இரண்டாமவர் எதையும் செய்யாததுபோல் தெரியும், இரண்டாம் ரகத்துக்கு முதலாமவர் அவசரக்குடுக்கையாகத் தெரியும். இதில் ஆபத்தான இடம், இரண்டாம் ரகத்து ஆள் நடுவில் எங்காவது மாட்டிக்கொள்வது. முடிக்காததைக் காட்ட முடியாது, காட்டாமல் இருப்பதற்கு விளக்கமும் சொல்ல முடியாது, அதனால் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். உங்கள் தோழி அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவளைத் தெரியாது. "வேலை நடுவுல மாட்டிக்கிட்டா யாருகிட்டயாவது சொல்லுவியா? கடைசியா அப்படி மாட்டினது எப்போ?" என்பதை மட்டும் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

நேரம் பற்றிய கேள்வியையும் மாற்றிக் கேட்க வேண்டும். "சொன்ன நேரத்துக்கு முடிச்சிடுவேன்" என்று அவள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, மனப்பூர்வமாகவே நம்பியிருப்பாள். 1994-இல் வெளியான ஒரு ஆய்வில் ரோஜர் ப்யூலர் என்பவரும் அவருடைய சகாக்களும், ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்த மாணவர்களிடம் இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வரப்போகும் வேலையைப் பற்றி எல்லாருமே இப்படித்தான் கணக்குப் போடுகிறோம், பழைய அனுபவம் கணக்கில் வருவதே இல்லை. அதனால் நீங்கள் பழையதைக் கேளுங்கள்: கடைசி மூன்று ப்ராஜெக்ட்டுகளில் உன் பகுதியை எந்தத் தேதியில் அனுப்பினாய், கடைசித் தேதி எது? மெசேஜ்களைத் திறந்து பார்த்தே சொல்லலாம், பரவாயில்லை.

"ஏன்" என்ற சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். "ஏன் அப்படிச் செஞ்சே?" என்று கேட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, விசாரணை மாதிரி கேட்கும். இன்னொன்று, நிஜமான காரணம் பல நேரம் அவளுக்கே தெரியாது, ஆனாலும் ஒரு காரணம் வந்துவிடும். ரிச்சர்ட் நிஸ்பெட், டிமதி வில்சன் இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரையில் வேடிக்கையான ஒரு சோதனை வரும். நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது இருந்த இடத்தைக் காரணமாக யாரும் சொல்லவில்லை, இடம் காரணமாக இருக்குமோ என்று எடுத்துக் கொடுத்தும் அநேகமாக எல்லாருமே மறுத்தார்கள். "ஏன்" கேட்கத் தோன்றும்போதெல்லாம் "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?", "அப்புறம் என்ன பண்ணினே?" என்று மாற்றிப் பாருங்கள். காரணத்தைப் படிப்பவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அலசிப் பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதையே மூன்று விநாடி ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. பத்துக் கேள்வி பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது என்கிறீர்கள், நீங்களும் ஒரு விநாடிக்காரர்தான் என்று தோன்றுகிறது. மூன்று விநாடி மௌனம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது ரொம்ப நீளமாக இருக்கும், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுங்கள், நோட்டில் ஏதாவது கிறுக்குங்கள், ஆனால் அவள் சார்பில் நீங்களே பதிலை முடித்து வைக்காதீர்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மூன்று நாளைப் பேட்டியில் முதன்முதலாகக் கேட்காதீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் கையில் பேனா, நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டர், எழுதுவது ஆசிரியருக்குப் போகும். அந்த நிலையில் நீங்கள் எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் அவள் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அவள் என்ன பதில் சொன்னாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கான பதிலாகத்தான் இருக்கும். பேட்டிக்கு இரண்டு நாள் முன்னால், நோட்டு இல்லாமல், தோழியாகப் போய்ப் பேசுங்கள். "போன செமஸ்டர் கடைசி மூணு நாள் நீ போன் எடுக்கலை, எனக்குப் பயமா இருந்துச்சு, கோபமும் வந்துச்சு, இதுவரைக்கும் சொல்லலை. என்ன ஆச்சுன்னு கேக்கணும்னு இருந்தேன்." இவ்வளவு போதும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது, ஏனென்றால் "எப்பவுமே" என்ற சொல்லுக்கு எதிராக யாராலும் நான்கு உதாரணம் சொல்ல முடியும், பிறகு பேச்சு அந்த நான்கு உதாரணத்தைப் பற்றியதாகிவிடும்.

போவதற்கு முன் உங்கள் கணக்கையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், "அவள் பகுதியையும் நான்தான் முடித்தேன்" என்பதைப் படித்ததும் எனக்கு 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் கணவன் மனைவி ஜோடிகளிடம் செய்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது. வீட்டு வேலைகள் ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் 100 சதவீதத்தைத் தாண்டியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, நாம் செய்தது நமக்கு ஞாபகம் இருக்கிறது, அடுத்தவர் செய்தபோது நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான். அவள் பகுதி காலியாக இருந்ததா, பாதி இருந்ததை நீங்கள் அழித்துவிட்டுத் திருப்பி எழுதினீர்களா? இதற்கு உங்களிடம் தெளிவான பதில் இருந்தால் பேச்சு சுமுகமாகப் போகும்.

அவள் நிஜமாகவே அந்த ப்ராஜெக்ட்டைக் கைவிட்டிருந்தாலும் அது அவள் குணத்துக்குச் சான்றிதழ் ஆகிவிடாது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன்பே கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து, 1913-இல் வெளியிட்டார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் எட்டு மடங்கு வருவதில்லை, கிட்டத்தட்ட நான்கு மடங்குதான் வருகிறது. ஒருவரோடொருவர் ஒத்து இழுக்காதது கொஞ்சம், தனியாக இருக்கும்போது போடும் பலத்தைக் கூட்டத்தில் போடாதது கொஞ்சம். 1979-இல் பிப் லட்டானேயும் சகாக்களும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பார்த்தபோதும் இதேதான், கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் போடும் சத்தம் குறைந்தது. ஆனால் ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று நினைக்க வைத்தபோது அந்தக் குறைவு மறைந்துவிட்டது என்று அதன் தொடர் ஆய்வு காட்டியது. இதிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது: "எந்த ப்ராஜெக்ட்ல நீ எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டு செஞ்சே, எதுல விட்டுட்டே?" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். குழுவில் எத்தனை பேர், அவள் பகுதி அவளுடையது என்று வெளியே தெரிந்ததா, தலைப்பு அவளுக்குப் பிடித்ததா என்று விசாரியுங்கள். அதே ஆள் ஒரு இடத்தில் ராப்பகலாக உழைத்து இன்னொரு இடத்தில் காணாமல் போவதற்கான விவரங்கள் அங்கேதான் இருக்கும், "டீம் ப்ளேயர்" என்ற சொல்லில் இருக்காது.

தனியாகப் பேசிய பிறகு, அந்த மூன்று நாளை அறிக்கையில் சேர்க்கலாமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஜாடையாகக்கூட எழுதாதீர்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர் கையில் போகிற தாளில் தோழியின் குறையை அவள் சம்மதமில்லாமல் எழுதினால் அது புகார்க் கடிதம். சரி என்றால், உங்களையும் அதில் ஒரு பாத்திரமாக வைத்து எழுதுங்கள். அவள் அனுப்பாதபோது நீங்கள் எத்தனை மெசேஜ் போட்டீர்கள், எந்த நேரத்தில் விட்டுவிட்டு நீங்களே எழுத ஆரம்பித்தீர்கள், அவளிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தீர்களா? வெளியிலிருந்து பார்த்த ஆள்போல் எழுதுவதைவிட இதுதான் நேர்மை, படிக்கவும் சுவாரசியமாக இருக்கும்.

பேட்டி அன்று முதல் கேள்வியை அவள் உங்களைக் கேட்கட்டும். "வேலையைப் பிரிச்சது யாரு" என்பதற்கு நீங்கள் ஒரு சொதப்பலோடு பதில் சொன்னால் அவளும் மெருகு பூசாமல் சொல்வாள். ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எழுதி முடித்ததும் அவளிடம் ஒரு தடவை படிக்கக் கொடுங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எழுதும்போது அவளுக்கு ஒரு வகைப் பெயர் ஒட்டாதீர்கள். இணையத்தில் கிடைக்கும், ஆளை நான்கு ஆங்கில எழுத்தில் வகைப்படுத்திவிடும் ஆளுமைச் சோதனையை அவளை எழுத வைத்து அந்த முடிவை முதல் பக்கத்தில் போடும் ஆசை வரும். அறிக்கை முழுக்க அந்த நான்கு எழுத்துக்கு விளக்கவுரையாகிவிடும், அவள் எங்கேயும் இருக்க மாட்டாள். அவள் பேசிய வாக்கியங்களை அப்படியே இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். முதல் பேட்டியில் வந்த "சொன்ன நேரத்துக்கு முடிச்சிடுவேன்" என்பதையும் தூக்கிப் போட வேண்டாம். அதை ஒரு வரியாக வைத்து, அடுத்த வரியில் அவளே மெசேஜைப் பார்த்துச் சொன்ன மூன்று தேதிகளை வைத்து, இரண்டுக்கும் நடுவில் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு அவள் ஏதாவது சொன்னால் அதை மூன்றாவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். போகும்போதே நாற்பது நிமிடமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போன தடவையை வைத்து அவள் அடுத்த வேலைக்கு நேரம் குறித்து வைத்திருக்கப் போகிறாள்.